கரிமருந்துத் துப்பாக்கியைக் கழுவுவது எப்படி? கொஞ்சம் வேதியியல், கொஞ்சம் 1857

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது தீபாவளிக்கு அப்பா ஒரு தகரத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். சிவப்புக் காகிதச் சுருளில் புள்ளி புள்ளியாக மருந்து வைத்த ரோல் கேப்பை உள்ளே மாட்டி விசையை இழுத்தால் பட் பட்டென்று வெடிக்கும். பண்டிகை முடிந்தது. அடுத்த வருஷத்துக்கும் வேண்டுமே என்று பாட்டியின் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக அதன்மேல் பூசி, பழைய துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன். மழைக்காலம் கழிந்து, பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது எடுத்துப் பார்த்தால், கேப் வெடிக்கும் இடம் முழுக்கச் செந்துரு. சுத்தியல் நகரவே இல்லை. கைப்பிடி மட்டும் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. இரண்டுக்கும் பூசியது ஒரே எண்ணெய்தான். அப்புறம் ஏன் இப்படி?

இதற்கு விடை கிடைக்க எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவும் தகரத் துப்பாக்கியைப் பற்றி யோசித்துக் கிடைக்கவில்லை. 1857 கிளர்ச்சியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் எளிய கேள்வியில் மாட்டிக்கொண்டேன். பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு தடவிய தோட்டாவைக் கடிக்கச் சொன்னார்கள், சிப்பாய்கள் பொங்கியெழுந்தார்கள் என்று எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். சரி, அந்தக் கொழுப்பை எதற்குத் தடவினார்கள்? கொழுப்பு இல்லாமல் சுட முடியாதா? இந்தக் கேள்வியை வகுப்பில் நான் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை. தேடிக்கொண்டே போனால் விஷயம் துப்பாக்கியைச் சுத்தம் செய்வதில் போய் நின்றது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மென்பொருள் ஆள். கரிமருந்துத் துப்பாக்கி எதையும் சுட்டதில்லை. அருங்காட்சியகக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. இங்கே எழுதுவது படித்ததும், சமையலறையில் செய்து பார்த்ததும்தான்.

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் போடுவது கரிமருந்து. வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. பிரிட்டிஷ் ராணுவம் வைத்திருந்த விகிதம் இது. அந்த வெடியுப்பில் பெரும்பகுதி பீகாரிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றியது என்பது தனிக்கதை. இந்தக் கலவை எரிந்தால் எல்லாம் புகையாகப் போய்விடும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி இல்லை. ஆண்ட்ரூ நோபிள், ஃபிரெடரிக் ஏபெல் என்ற இருவர் மூடிய எஃகுக் கலத்துக்குள் கரிமருந்தை எரித்து, மிஞ்சியதை எடைபோட்டு, 1875இல் வெளியிட்டார்கள். எடையில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. போர்க்களத்தில் எதிரில் நிற்பவனே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை சூழ்வதற்கும் இதுதான் காரணம். அந்தப் புகை பெரும்பாலும் காற்றில் மிதக்கும் உப்புத் தூள்.

ஆமாம், உப்பு. இதுதான் விஷயத்தின் மையம். குழலில் ஒட்டிக்கொள்ளும் கருப்புக் கசடைப் பார்த்தால் அடுப்புக்கரி மாதிரி, தார் மாதிரி தெரியும். பார்த்ததும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கத்தான் கை போகும். ஆனால் கருப்பு நிறம் தருவது எரியாமல் தங்கிய கொஞ்சம் கரி. கசடின் உடம்பு பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் சல்பைடு ஆகிய உப்புகள். கார்பனேட் என்பது வேறொன்றும் இல்லை, நம் பாட்டிமார் பாத்திரம் தேய்த்த விறகுச் சாம்பலில் இருக்கும் அதே காரம்தான். சாம்பலை மண்ணெண்ணெயில் யாராவது கரைப்பார்களா?

அறை வெப்பத்தில் 100 மில்லி தண்ணீரில் 100 கிராமுக்கு மேல் பொட்டாசியம் கார்பனேட் கரையும். அதே உப்பு பெட்ரோலிய எண்ணெயில் கரையாது, ஆல்கஹாலிலும் ஏறக்குறையக் கரையாது. சல்பேட் கொஞ்சம் பிடிவாதக்காரன். 100 மில்லி குளிர்ந்த நீரில் 11, 12 கிராம்தான். கொதிநீரில் அதைப்போல இரு மடங்கு. சல்பைடு தண்ணீர் பட்டதும் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். கரிமருந்துத் துப்பாக்கி கழுவுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் அந்த நாற்றம் இதிலிருந்து வருவதுதான். நாற்றம் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கார்பனேட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் 43 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைய ஆரம்பித்துவிடும். சென்னையில் 43க்குக் கீழே ஈரப்பதம் போகும் பொழுதுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கார்பனேட் காரத்தன்மை உடையது, தனியாக இருந்தால் இரும்பை அவ்வளவாகத் தின்னாது. அது இழுத்துப் பிடித்து வைக்கும் ஈரத்தில் மற்ற உப்புகளும் கரைந்து நிற்கின்றன. அங்கேதான் துரு தொடங்குகிறது. இந்த மற்ற உப்புகளில் மோசமான ஒன்றைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

இப்போது படைவீரனின் இடத்தில் நின்று பாருங்கள். வீட்டுக்கு வந்து கழுவுவது அப்புறம். சுடும்போதே கசடு சேர்கிறதே, அதற்கு என்ன செய்வது? ஒவ்வொரு குண்டும் வாய் வழியாகத்தான் உள்ளே இறங்க வேண்டும். பத்து, பதினைந்து முறை சுட்டதும் குழலின் உட்சுவரில் மொரமொரப்பாகக் கசடு ஏறி, குண்டு பாதியிலேயே நின்றுவிடும். பிரிட்டிஷாரின் பழைய பிரவுன் பெஸ் துப்பாக்கி இதற்குக் கண்ட தீர்வு மிகச் சாதாரணமானது: குண்டைச் சின்னதாக்கு. குழலின் உள்விட்டம் 0.75 அங்குலம், குண்டு 0.69 அங்குலம் அளவில். ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. எவ்வளவு கசடு ஏறினாலும் குண்டு உருண்டு போய் விழும். ஆனால் சுடும்போதும் அது குழலுக்குள் அங்கும் இங்கும் முட்டிக்கொண்டுதான் வெளியே வரும். நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கிறவன் மேல் படுவது அவனுடைய தலையெழுத்து. அதனால்தான் வரிசையாக நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் சுட்டார்கள். படை அணிவகுப்பு முறையைத் தீர்மானித்ததில் இந்தக் கரிக்கசடுக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

குறி தவறாமல் சுட வேண்டுமென்றால் குழலுக்குள் சுருள் பள்ளம் வெட்ட வேண்டும், அதாவது ரைஃபிள். குண்டு அந்தப் பள்ளத்தைக் கவ்விப் பிடிக்க இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் கசடு விடாது. 1800இல் வந்த பேக்கர் ரைஃபிளுக்கு, எண்ணெய்த் துணியில் சுற்றிய குண்டை உள்ளே அடித்து இறக்கத் தொடக்கத்தில் சின்ன மரச்சுத்தியலும் சேர்த்துக் கொடுத்தார்கள். போர் நடக்கும்போது சுத்தியலால் தட்டிக்கொண்டு நிற்பதை யோசித்துப் பாருங்கள்! சீக்கிரமே அதைக் கைவிட்டார்கள். அரை நூற்றாண்டுக் காலம் ரைஃபிள் சிறப்புப் படைகளுக்கான சாமானாகவே இருந்ததற்கு முக்கியக் காரணம் இந்த இறுக்கம்.

முடிச்சை அவிழ்த்தவர்களில் பெயர் பெற்றவர் பிரெஞ்சுக்காரர் மினியே. 1849இல் அவர் கொண்டுவந்த நீள்குண்டின் பின்புறம் குழிவானது. உள்ளே இறங்கும்போது குழலைவிடச் சின்னது, வெடித்ததும் அழுத்தத்தில் பின்பக்கம் விரிந்து பள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும். இதைத் தழுவி பிரிட்டன் செய்ததுதான் 1853 மாதிரி என்ஃபீல்டு. குழல் 0.577 அங்குலம், குண்டு 0.568. அதாவது பிரவுன் பெஸ்ஸில் ஒன்றரை மில்லிமீட்டராக இருந்த இடைவெளி இப்போது கால் மில்லிமீட்டருக்கும் கீழே வந்துவிட்டது. ஒரு முறை சுட ஏறக்குறைய 4.4 கிராம் மருந்து. அதில் இரண்டு கிராமுக்கு மேல் திடக் கழிவு. பெரும்பகுதி வெளியே பறந்துவிட்டாலும் மிச்சம் ஒட்டுவது அந்தக் கால் மில்லிமீட்டரில்தான். வீரன் பையில் 60 தோட்டா. நடுவில் கழுவ நேரம் ஏது?

கொழுப்பு உள்ளே வருவது இங்கேதான். தோட்டா என்றால் இன்றைக்குப் பித்தளைக் குப்பி ஞாபகம் வரும். அன்றைக்கு அது காகிதப் பொட்டலம். ஒரு முனையில் மருந்து, மறுமுனையில் குண்டு. குண்டைச் சுற்றியுள்ள காகிதத்தின் வெளிப்புறத்தை மாட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் உருக்கிய கலவையில் முக்கி எடுப்பார்கள். வீரன் மருந்து இருக்கும் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, பொட்டலத்தைத் தலைகீழாக்கி, கொழுப்புக் காகிதம் சுற்றிய குண்டைக் குழல்வாயில் செருகி, மீதிக் காகிதத்தைக் கிழித்தெறிந்து, கஜக்கோலால் இடித்து இறக்க வேண்டும். அந்தக் கொழுப்பு உள்ளே போகும்போது முந்தின குண்டு விட்டுப்போன கசடை வழித்துக்கொண்டு இறங்கும். வெடித்ததும் அடுத்த கசடு காய்ந்து இறுகாமல் மெத்தென்று இருக்கச் செய்யும். ஆக, ஒவ்வொரு குண்டும் ஒரு சின்னத் துப்புரவு வேலை. கொழுப்பு இல்லாவிட்டால் சில பத்து குண்டுகளுக்குள் துப்பாக்கி வெறும் ஈட்டி.

கவனித்தீர்களா, கடித்த முனை வேறு, கொழுப்பு தடவிய முனை வேறு. இதைச் சொல்லிச் சிப்பாய்களின் அச்சம் மூடத்தனம் என்று முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வங்காளத்து வெயிலில் தோல்பைக்குள் கட்டுக்கட்டாகக் கிடக்கும் காகிதப் பொட்டலங்களில் கொழுப்பு போட்ட இடத்திலேயே இருக்கும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்? கையில் படுவதே தீட்டு என்று நினைக்கிறவனிடம் வாயில் படாது என்று சமாதானம் சொல்வதில் என்ன பிரயோசனம்? போதாததற்குப் புதுத் தோட்டாக் காகிதம் பளபளவென்று இருந்தது. காகிதத்திலேயே கொழுப்பு கலந்திருக்கிறது என்ற சந்தேகம் அதனால் வந்தது.

என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. 1853இலேயே இந்தத் தோட்டாக்களை இந்தியாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எதற்கு? இந்த வெயிலில் கொழுப்பு எப்படித் தாங்குகிறது என்று சோதிக்க. கல்கத்தா, கான்பூர், ரங்கூன் ஆகிய இடங்களில் வைத்துப் பார்த்தார்கள். அப்போது வங்காளப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரலாக இருந்த கர்னல் டக்கர், சிப்பாய்களின் மத உணர்வைப் புண்படுத்தாத பொருள் என்று உறுதியாகத் தெரியாமல் இதை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதி வைத்தார். அந்த எச்சரிக்கை கோப்பில் படுத்துத் தூங்கியது. நான் பார்க்கும் வேலையில் இது தினசரி நடக்கிற சங்கதி. எவனோ ஒருவன் சரியாகக் கண்டுபிடித்து டிக்கெட் போட்டிருப்பான். முன்னுரிமை குறைவு என்று குறித்து மூடியிருப்பார்கள். மூன்று வருஷம் கழித்து எல்லாம் எரியும்போதுதான் அதைத் தோண்டி எடுப்பார்கள். கொழுப்பு உருகுமா என்று சோதிக்கத் தெரிந்தவர்களுக்கு, அது எந்த விலங்கின் கொழுப்பு என்று கேட்கத் தோன்றவில்லை. கல்கத்தா ஆயுதசாலைக்குக் கொழுப்பு தந்த ஒப்பந்தத்தில் விலங்கைப் பற்றிய கட்டுப்பாடே இல்லை. இத்தனைக்கும் நம் வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று, புதுத் தலைப்பாகையும் அதிலிருந்த தோலும் காரணமாக என்ன நடந்தது என்று கம்பெனிக்கு நன்றாகவே தெரியும்.

பின்னே நடந்தது தெரிந்ததுதான். 1857 ஜனவரியில் டம்டம்மில் வதந்தி கிளம்பியது. அந்த மாதம் முடிவதற்குள்ளேயே, கொழுப்பில்லாத் தோட்டாவைத் தருகிறோம், நீங்களே விரும்பியதைத் தடவிக்கொள்ளுங்கள் என்று அரசு உத்தரவு போட்டது. பிறகு, பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்று பயிற்சி முறையையும் மாற்றினார்கள். அப்படியென்றால் முன்னால் ஏதோ இருந்தது உண்மைதானே என்றுதான் அதைச் சிப்பாய்கள் புரிந்துகொண்டார்கள். ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அன்றைக்கு அவர்களிடம் நீட்டியது புதுத் தோட்டா கூட இல்லை, அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்திய பழைய வகை. மே 9 அன்று அவர்களுக்கு விலங்கு மாட்டினார்கள். மே 10 மாலை மீரட் எரிந்தது. கிளர்ச்சிக்கு நிலவரி, அவத் இணைப்பு, சம்பளம், பதவி உயர்வு என்று ஆழமான காரணங்கள் பல. கொழுப்பு திரி மட்டும்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு இருக்கிறது, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. கிளர்ச்சியை அடக்க வந்த பிரிட்டிஷ் படைகளே இந்திய வெயிலில் என்ஃபீல்டைக் கெட்டிக்க முடியாமல் திண்டாடின. கசடு காய்ந்து இறுகிவிட்டது. கால் மில்லிமீட்டர் இடைவெளி போதவில்லை. குண்டின் அளவை 0.568இலிருந்து 0.55 அங்குலமாகக் குறைத்தார்கள். இடைவெளி ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் ஆனது. தடவும் பொருளையும் மாற்றி, பின்னாளில் வெறும் தேன்மெழுகாக்கினார்கள். கொழுப்பை விலக்கியது சிப்பாய்க்காக அல்ல, பொறியியல் காரணத்துக்காக. அதாவது மாட்டுக் கொழுப்பு இல்லாமலும் அந்தத் துப்பாக்கி வேலை செய்தது. சொல்லப்போனால் இன்னும் நன்றாக வேலை செய்தது.

சரி, கழுவும் கதைக்கு வருவோம். கொழுப்பு கசடைத் தள்ளிப்போடும், இளக்கும். நீக்காது. நீக்குவது தண்ணீர்தான் என்பதில் அன்றைய ராணுவங்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிக்கு அவர்களுடைய ஆயுதத் துறை போட்ட விதிகளைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கிறது, அவ்வளவு தெளிவு. கேப் மாட்டும் முளையின்மேல் ஒரு தோல்துண்டை வைத்து, குதிரையை அதன்மேல் இறக்கி அடைக்க வேண்டும். குழல்வாயில் ஒரு கில் தண்ணீர், அதாவது 120 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு, வெளியே வழியாமல் ஊற்ற வேண்டும். வாயை மரத்தக்கையால் அடைத்து மேலும் கீழும் குலுக்க வேண்டும். தெளிந்த நீர் வரும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். பிறகு தலைகீழாக நிறுத்தி வடியவிட்டு, கஜக்கோல் முனையில் துணி சுற்றி ஈரம் போகத் துடைத்து, கடைசியில்தான் எண்ணெய்த் துணி. தண்ணீர், காய்ந்த துணி, எண்ணெய். இந்த வரிசை மாறக் கூடாது. வேறு மருந்து எதுவும் கிடையாது.

இதே காலத்தில் படைகளை அரித்தது துருவைவிட, மினுக்கும் வெறிதான். அணிவகுப்பில் துப்பாக்கி கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டும் என்பதற்காகச் செங்கல் தூளும் எண்ணெயும் போட்டுத் தேய்ப்பார்கள். தேய்த்துத் தேய்த்து உலோகமே மெலிந்துபோகும். அமெரிக்க ஆயுதத் துறை அப்படி மினுக்குவதைக் கண்டிப்பாகத் தடை செய்தது. வெளியே பளபளப்பு, உள்ளே உப்பு. அதிகாரிக்கு வெளிப்பக்கம்தானே தெரியும்? சுடும்போதே குழலைத் துடைத்துக்கொள்ளவும் ஓர் ஏற்பாடு செய்து பார்த்தார்கள். எலைஜா வில்லியம்ஸ் என்பவர் வடிவமைத்த குண்டின் அடியில் துத்தநாகத் தட்டு ஒன்று இருக்கும். சுட்டதும் அது தட்டையாகி விரிந்து, சுவரை வழித்துக்கொண்டே வெளியே போகும். தோட்டாப் பொட்டலத்தில் சாதாரணக் குண்டுகளோடு சிலவற்றை இப்படிக் கலந்து கொடுத்தார்கள்.

அப்படியானால் தண்ணீர் என்கிற எளிய விஷயம் எப்போது மறந்துபோனது? புகையில்லா மருந்து வந்தபோது. 1880களுக்குப் பிறகு வந்த இந்த மருந்து நைட்ரோ செல்லுலோசால் ஆனது. அதன் கசடு உப்பு இல்லை, பிசுக்கு. அதற்கு எண்ணெய் சார்ந்த கரைப்பான்தான் சரி. 1903இல் அமெரிக்காவில் ஃபிராங்க் ஹோப்பே தயாரித்த நம்பர் 9 இப்படி நைட்ரோ மருந்துக்கென்றே வந்ததுதான். துப்பாக்கி என்றால் ஹோப்பே வாசனை என்று ஆகும் அளவுக்கு அது பரவியது. அடுத்த தலைமுறைக்குத் துப்பாக்கியில் தண்ணீர் விடுவது என்றாலே பாவம் செய்கிற மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் புது ரைஃபிள்களும் துருப்பிடித்தன! கரைப்பான் போட்டுத் துடைத்து, எண்ணெய் பூசி வைத்தாலும் சில நாளில் குழலுக்குள் துரு. எண்ணெய் சரியில்லை, மருந்தில் அமிலம் இருக்கிறது என்று ஆளுக்கொரு காரணம். அமெரிக்கச் சுரங்கத் துறையில் வில்பர்ட் ஹஃப் என்ற வேதியியலாளர் இதை உட்கார்ந்து ஆராய்ந்து 1922இல் வெளியிட்டார். குற்றவாளி மருந்து அல்ல, மருந்தைப் பற்றவைக்கும் கேப். கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடு ஆகிறது, நம் சாப்பாட்டு உப்பின் பங்காளி. எண்ணெய்க் கரைப்பான் அதைத் தொடாது. அதன்மேல் எண்ணெய் பூசினால், எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலேயே காற்றின் ஈரத்தை வாங்கித் துருவை உண்டாக்கும். தீர்வு? தண்ணீர் விட்டுக் கழுவு, காயவை, அப்புறம் எண்ணெய். 1863 விதிகளுக்கே திரும்பி வந்தாயிற்று. பிரிட்டிஷ் ராணுவம் மட்டும் இதை முழுக்க மறக்கவில்லை. லீ என்ஃபீல்டு வைத்திருந்த வீரன் சுட்டு முடித்ததும் ஒரு சின்னப் புனலை வைத்துக் குழலில் கொதிநீர் ஊற்றினான்.

முன்னால் சொன்ன மோசமான உப்பு இந்தக் குளோரைடுதான். என் தகரத் துப்பாக்கியின் ரோல் கேப்பிலும் அதே பொட்டாசியம் குளோரேட். பொட்டாசியம் குளோரைடு ஈரம் வாங்க ஆரம்பிப்பது ஏறத்தாழ 85 சதவீத ஈரப்பதத்தில். தீபாவளிக்குப் பிறகு வருவதோ வடகிழக்குப் பருவமழை. பாட்டியின் எண்ணெய்மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் உப்பை உள்ளே வைத்து மூடியிருக்கிறேன்.

படித்ததை நம்பாமல் போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆணிகளை எடுத்து, மணல்தாள் போட்டுத் தேய்த்து, உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவிட்டேன். ஒன்றை அப்படியே விட்டேன். இன்னொன்றில் தையல் மெஷின் எண்ணெய் பூசினேன். மூன்றாவதைக் குழாயில் நன்றாகக் கழுவி, துடைத்து, அடுப்பருகே காட்டிச் சூடாக்கி, அதே எண்ணெய் பூசினேன். பால்கனியில் பத்து நாள். முதல் ஆணி கேட்கவே வேண்டாம். இரண்டாவதில் எண்ணெய் மினுமினுப்புக்கு அடியில் புள்ளி புள்ளியாகச் செந்துரு. மூன்றாவது சுத்தம். இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குப் போதுமானதாக இருந்தது.

இன்றைக்கும் பழைய முறைத் துப்பாக்கிகளை விளையாட்டாகச் சுடுகிறவர்கள், குறிப்பாக அமெரிக்காவில், ஆளுக்கொரு கஷாயம் வைத்திருக்கிறார்கள். எனக்குப் புரிந்தவரை எல்லாவற்றையும் ஒரே கேள்வி கேட்டால் போதும்: இதில் தண்ணீர் எவ்வளவு? கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம் அருமையாக வேலை செய்கிறது என்பார்கள். செய்யும், அதில் பெரும்பகுதி தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் சேர்த்தால், குண்டோடு போன மெழுகும் கொழுப்பும் கூடவே விடும், நல்லதுதான். ஆல்கஹால் கசடைக் கரைக்காது, ஆனால் கழுவியபின் தங்கிய ஈரத்தை விரட்ட உதவும். காரத்தை முறிக்கிறேன் என்று வினிகர் ஊற்றுவது வேலிக்குப் போன ஓணானை எடுத்து விட்டுக்கொள்கிற வேலை, அமிலம் இரும்பைச் சும்மா விடாது. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த ஒரு கலவை சில காலம் பிரபலமாக இருந்தது. நுரைத்துக்கொண்டு கசடைத் தூக்கும், கூடவே இரும்பையும் ஆக்சிஜனேற்றம் செய்யும். ஜெர்மனியில் 1900களின் தொடக்கத்தில் வந்த பாலிஸ்டால் எண்ணெயைத் தண்ணீரில் கலந்தால் பால் மாதிரி வெள்ளையாகும். தண்ணீர் உப்பைக் கரைக்கும், காய்ந்ததும் எண்ணெய் மெல்லிய படலமாகத் தங்கும். சுடும் இடத்திலேயே அவசரத்துக்குத் துடைக்க நல்ல யோசனை. ஆனால் வீட்டுக்கு வந்து வெறும் தண்ணீரில் கழுவுவதற்கு இது மாற்று இல்லை. கரிமருந்துக்கு மாற்றாக வரும் பைரோடெக்ஸ் போன்றவற்றில் பொட்டாசியம் பெர்குளோரேட் இருப்பதால் மிஞ்சுவது குளோரைடு. அதைப் போட்டுச் சுட்டவர்கள் கழுவுவதை மறுநாளைக்குத் தள்ளவே கூடாது.

சுடுநீரா, குளிர்நீரா என்பதில் சண்டையே நடக்கிறது. கொதிநீர் ஊற்றினால் குழல் சூடாகி, ஈரம் தானே ஆவியாகிவிடும் என்று ஒரு கட்சி. அந்தச் சூட்டில் ஈரம் போவதற்குள் இளம்பழுப்பாகத் துரு படர்ந்துவிடும் என்று இன்னொரு கட்சி. இரண்டுமே உண்மைதான். கார்பனேட்டுக்குக் குளிர்நீரே தாராளம். சல்பேட்டுக்குச் சூடு உதவும். வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று முறை மாற்றிக் கழுவி, கையோடு துடைத்துவிட்டால் சண்டைக்கே இடமில்லை.

இன்னொரு நம்பிக்கை, தோசைக்கல்லைப் பழக்குவது மாதிரி குழலையும் கொழுப்பால் பழக்க வேண்டும், சோப்பு போட்டால் அந்தப் பழக்கம் போய்விடும் என்பது. தோசைக்கல்லை எண்ணெய் தடவி நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சிப் பழக்குகிறோம். கல்லின்மேல் யாரும் வெடியுப்பைக் கொளுத்துவதில்லை. குழலுக்குள் பழகினதாகத் தெரியும் அந்தக் கருப்புப் பூச்சில் பாதி, கழுவாமல் விட்ட கசடு.

இந்த தீபாவளிக்குப் பையனுக்கும் ஒரு கேப் துப்பாக்கி வாங்கினோம். இப்போதெல்லாம் முக்கால்வாசி பிளாஸ்டிக், சுத்தியலும் சுருள்வில்லும் மட்டும் இரும்பு. மூன்றாம் நாள் ராத்திரி அதைக் குழாயடியில் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தேன். "ஏங்க, துருப்பிடிச்சிரப் போகுது, தண்ணியில போட்டுட்டீங்களே!" என்றாள் மனைவி. அவளுடைய ஹேர் டிரையரை வாங்கிக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, பரண்மேல் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும்.